குப்பன் பங்கு

இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். என் தங்கை புருஷன் குப்பனுக்கு ஒரு அரசாங்கத் திட்டம் தரவேண்டிய பாக்கி அது. மாதம் ஆயிரத்து எண்ணூறு வீதம் பதின்மூன்று மாதம். அந்தப் பதின்மூன்றில் ஒன்பது மாதம் குப்பன் உயிரோடு இருந்தான். மீதி நாலு மாதம் அவன் இல்லை.

எங்கள் குப்பம் கோவளத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. பிறந்தது அங்கே என்றாலும் நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. இருபது வருஷமாகத் தாம்பரம், செம்பாக்கம், அஸ்தினாபுரம் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறேன். கலவை சுமப்பேன், கல் ஏற்றுவேன். விடியும் முன் கிளம்பி, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, எட்டு மணிக்கு வேலை இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பு போய்விட்டது. வேலை போகவில்லை.

2023 தை மாதத்தில் கடலாய்வு நிலையம் ஒன்றிலிருந்து விஷ்ணுப்ரியா மேடம் எங்கள் மீன் ஏலக் கொட்டகைக்கு வந்து கூட்டம் போட்டார். கடல் கரையை எவ்வளவு தின்கிறது என்று மூன்று வருஷம் பார்க்கப் போகிறார்களாம். பணம் டெல்லியிலிருந்து வருகிறது. ஆராய்ச்சி செய்கிறவர்களும் கரையில் குடியிருக்கிறவர்களும் சேர்ந்து செய்தால்தான் அந்தப் பணத்தைக் கொடுப்பார்களாம்.

“நாங்க வந்து அளந்துட்டுப் போற வேலை இல்லைங்க இது. நீங்கதான் அளக்கப் போறீங்க. இந்தக் கரையைப் பத்தி எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். நீங்க கூலியாள் இல்ல, பார்ட்னர்” என்றார் மேடம்.

“பார்ட்னருன்னா லாபத்துல பங்கு உண்டா மேடம்?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். கொட்டகையே சிரித்தது.

“நஷ்டத்துலயும் உண்டு” என்று மேடமும் சிரித்தார். அந்த ஒரு பேச்சில் ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கரை நெடுக பதினோரு கல் நட்டார்கள். மூன்றாம் நம்பர் கல் குப்பன் வீட்டு வாசலில் விழுந்தது. அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளும் தண்ணீர் வற்றுகிற நேரத்தில், கல்லிலிருந்து ஈரம் தொடங்குகிற இடம் வரை நாடா பிடித்து அளக்க வேண்டும். ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் மொள்ள வேண்டும். அன்றைக்கு என்ன காற்று, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று எங்கள் பாஷையிலேயே தாளில் எழுத வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் வன்னி என்று எழுதினால் போதும், அவர்கள் புரிந்துகொள்வார்கள். கடைசியில் அளந்தவன் கையெழுத்து.

குப்பனுக்கு அதில் வந்த பெருமை சொல்லி முடியாது. அவன் அஞ்சாவது வரை படித்தவன். தாளை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு தெரு முழுக்க நடப்பான். வேலை முடிந்து நான் வந்து இறங்கினால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

“இன்னா மச்சான், இன்னுமா கல்லு சொமந்துகினு கீற? என்னப் பாரு. கவர்மெண்டுக்கே பார்ட்னரு. எனக்கும் ஒரு கல்லுதான். நட்ட கல்லு. சொமக்கவே வாணாம்.”

“வாய மூடு மாப்ள. மாசம் ஆயிரத்தி எட்நூறுக்கு இம்மாம் அலட்டலா?”

“துட்டா முக்கியம்? டெல்லில ஒரு கம்ப்யூட்டர்ல குப்பன்னு போட்டு ஒரு கோடு ஓடுதாம். மேடம் காமிச்சாங்க. கோணக்கோணையா ஓடுது, நான் தண்ணி போட்டுட்டு நடந்தா மாதிரி.”

முதல் வருஷம் பணம் மாதாமாதம் அவன் பாங்க் கணக்கில் விழுந்தது. 2024 பிப்ரவரியில் நின்றது. இரண்டாம் தவணை டெல்லியிலிருந்து வரவில்லை, வந்ததும் மொத்தமாக வந்துவிடும் என்றார் மேடம். பதினோரு பேரும் நம்பி அளந்துகொண்டே இருந்தார்கள். குப்பன் அந்தப் பாக்கிக்கு ஒரு செலவு முடிவு செய்து வைத்திருந்தான். முந்தின மார்கழியில் கடல் தண்ணீர் அவன் வாசற்படி தாண்டி உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தது. வீட்டுத் தரையை மூன்று வரிசை கல் வைத்து உயர்த்திவிட்டால் தாங்கும். என் கூலி வேண்டாம். கல், மணல், சிமெண்ட், கொத்தனாருக்கு இரண்டு நாள் கூலி. கணக்குப் போட்டதில் இருபத்து நாலாயிரத்துக்குள் வந்தது.

ஐப்பசியில் அவனுக்கு மஞ்சள்காமாலை கண்டது. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்து, கண் முழுக்க மஞ்சளாகிப் பேச்சு குழறின பிறகுதான் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தப்பு எங்கள் மேல்தான். அப்போது எனக்கு அஸ்தினாபுரத்தில் ஒரு மூன்று மாடி வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வந்து அவனைப் பார்த்துவிட்டு ஓடுவேன். என் தங்கை பச்சையம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள்.

ஏழாம் நாள் அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என் கையைப் பிடித்தான். கை சுட்டது.

“மச்சான், வர்ற வெள்ளிக்கெயம பௌர்ணமி. அளவ வுட்றாத. ஒரு தபா வுட்டா மேடத்துக்குக் கோடு அறுந்துபூடும்.”

“நீயே வந்து அளப்ப, படு.”

“நீதான் இப்போ எய்துறியே. எய்தேன் ஒரு தபா, எனக்கோசரம்.”

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வைத்த சாயங்கால வகுப்பில், நாற்பத்தெட்டு வயதில் நான் எழுதப் படித்துக்கொண்டது அவனுக்குத் தெரியும். சரி என்றேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலம் குப்பன் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாடாவை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் கல்லுக்குப் போனேன். சாவு வீட்டுப் பந்தல் பிரிக்கவில்லை. பந்தல் காலுக்கும் கல்லுக்கும் நடுவில் குனிந்து நாடாவின் முனையைச் செருகினேன். முப்பத்தொரு மீட்டர். வாடைக்காற்று. தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் குப்பன் என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினாய் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எழுதும்போது எனக்கு யோசனையே வரவில்லை, அதுதான் நிஜம். எங்கள் கரையில் பெரிய வலை இழுக்கும்போது மீன் விற்ற பணத்தை வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். ஒருத்தன் செத்துப்போனால் அந்த வருஷம் முடிகிற வரை அவன் பங்கை அறுக்க மாட்டார்கள். அவன் வீட்டு ஆம்பளை ஒருத்தன், தம்பியோ மைத்துனனோ, அவன் இடத்தில் நின்று கயிறு இழுப்பான். பங்கு பிரிக்கும்போது கூப்பிடுகிற பெயர் மட்டும் செத்தவன் பெயர். அந்தப் பணம் நேரே அவன் பெண்சாதி மடியில் விழும். இழுத்தவன் தன் பெயரைச் சொல்லிக் கேட்டால், பொணத்தின் மேல் கிடக்கிற துணியை உருவினது மாதிரி. நான் கயிறு இழுக்கவில்லை, நாடா இழுத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. அதே நாளில் அமாவாசை. அமாவாசைக்குக் கட்டட வேலை கிடையாது, அதனால் நான் ஊரில் இருந்தேன். மற்ற பத்துக் கல்லுக்கும் யாரும் போகவில்லை, போகச் சொல்லவும் முடியாது. நான் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கொட்டகைத் தூணில் கட்டிக்கொண்டு மூன்றாம் நம்பர் கல்லுக்குப் போனேன். பதினேழு மீட்டர். இரண்டு வாரத்தில் பதினாலு மீட்டர் கரை போயிருந்தது. அதையும் எழுதினேன். குப்பன்.

மார்கழி, தை, மாசி. பௌர்ணமி தோறும் அரை நாள் கூலியை விட்டு வந்து அளந்தேன்.

மார்ச் முதல் வாரம், பாக்கிப் பணம் டெல்லியிலிருந்து வந்துவிட்டது என்று சேதி வந்தது. குப்பனுடைய சாவுச் சான்றிதழையும் பாங்க் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நானும் பச்சையம்மாவும் திட்ட அலுவலகத்துக்குப் போனோம். அது அஸ்தினாபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பஸ்ஸில் அவளுக்குக் காசில்லாத டிக்கெட், எனக்குத்தான் காசு. நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசினாள்.

“ஒனக்கும் ஒரு பொடவ கட்டி இட்டாந்திருக்கலாம்ணா. முப்பது ரூபா மிச்சம்.”

தாம்பரம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தரைய ஒசத்திடலாம் இல்ல? அவரு கடைசியா சம்பாரிச்சது. வேற எதுக்கும் அத்த எடுக்க மாட்டேன்.”

“ஏப்ரல்லயே ஆரம்பிச்சுடலாம்” என்றேன்.

கணக்குப் பார்க்கிறவர் லக்ஷ்மிநாராயணன் சார். ரிடையர் ஆகி, மறுபடியும் இந்தத் திட்டத்துக்காக வந்தவர். எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சான்றிதழோடு வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“இவர் காலமானது நவம்பர் பன்னிரண்டு.”

“ஆமா சார்.”

“நவம்பர் பதினஞ்சுல கையெழுத்து இருக்கே. முப்பதுல இருக்கு. போன மாசம்கூட இருக்கு.”

“அது நான் சார். நான்தான் அளந்தேன்.”

அவர் பச்சையம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“குப்புராஜ், நல்லா யோசிச்சு சொல்லுங்க. அவர் முன்னாடியே நாலஞ்சு வெத்து ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுப் போயிருந்தாரா? நீங்க அளவை மட்டும் நிரப்பினீங்களா?”

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். எனக்கு அது விளங்கவில்லை. நான் எழுதினதை நான் எழுதவில்லை என்று நினைக்கிறாரே என்று ரோசம் வந்தது.

“இல்ல சார், பேரும் நான் எய்தினதுதான். வேணுமின்னா பாருங்க. அவரு எய்த்து நிமிந்து கீது. என்னுது கோணலா கீது.”

லக்ஷ்மிநாராயணன் சார் கண்களை மூடிக்கொண்டார்.

நான் பங்கு விஷயத்தை அவருக்கு எடுத்துச் சொன்னேன். இறந்தவன் வீட்டுக்காக இன்னொருத்தன் இழுப்பது, பெயர் மாறாமல் இருப்பது, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியறது. தப்பான எண்ணத்துல செய்யலைன்னும் தெரியறது. ஆனா ஆடிட்ல இதுக்கு ஒரே பேர்தான். செத்தவர் கையெழுத்தைப் போட்டுப் பணம் கேட்டது. நான் மறைக்க முடியாது, பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே பில்லு. டெல்லிக்கு எழுதிக் கேக்கறேன்.”

உள் அறையிலிருந்து விஷ்ணுப்ரியா மேடம் வந்தார். விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குப்பனின் பத்தாம் நாள் காரியத்துக்கு வந்து பச்சையம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவர் அவர்.

“நான் பார்த்தேன் சார், அந்தப் பேரை. மாத்தி எழுதச் சொல்லணும்னு நினைச்சேன். சொல்ல மனசு வரல. இது என் மேல தப்பு. அளவு ஒண்ணுகூடப் பொய் இல்ல. சேட்டிலைட் படத்தோட வெச்சுப் பார்த்திருக்கேன். புயல் அன்னிக்கு எடுத்த அளவு இந்தக் கரையிலேயே இவர்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“அதையும் எழுதறேன்மா” என்றார் சார். “ஒன்பது மாசத்துக்காவது கொடுக்கச் சொல்லிக் கேக்கறேன்.”

திரும்பி வரும்போது, வண்டலூர் தாண்டின பிறகுதான் சார் கேட்ட கேள்வி என் மண்டையில் இறங்கியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பச்சையம்மாவிடம் அதைச் சொன்னேன்.

“சொல்லியிருந்தா?” என்றாள். “அவரு சாவப்போறோம்னு தெரிஞ்சு கையெய்த்து போட்டு வெச்சாரா? அப்டியா ஒரு பேச்சு அவரு மேல?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேதி எங்களுக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. பில் முழுக்க நின்றுபோனது. மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு இருபத்து மூவாயிரத்து நானூறுக்குக் காத்திருந்தவர்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுக்காவிட்டால் பணம் டெல்லிக்கே திரும்பிவிடும். ரம்ஜான் லீவு வேறு இருந்ததால் இருபத்தெட்டாம் தேதிக்குள் பில் போக வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் தயாளன் என்னைப் பிடித்துக்கொண்டான். ஏழாம் நம்பர் கல் அவனுடையது.

“வா வாத்தியாரே. செத்தவன் பேர்ல நாலு மாசம் எய்தினியாமே. அடுத்து எங்க பேர்லயும் எய்திக் குடேன், நாங்களும் செத்துப் பூடுறோம்.”

“தயாளா, அது அவன் பங்குடா. ஒனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்யா. கரைக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியுமா? கைநாட்டா கெடந்த வரைக்கும் ஒரு பேஜாரும் இல்ல. நாலு எய்த்து கத்துக்கினு பத்துக் குடும்பத்தத் தெருவுல நிறுத்திட்ட.”

டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சிரித்திருந்தால் தேவலை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஒன்பதாம் நம்பர் கல்லை அளக்கிற கிருபாவுடைய புருஷன் அந்தப் பணத்தை நம்பிப் படகு எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்திருந்தான். கிருபா என் தங்கைக்குச் சிநேகிதி. அவள் என்னைத் திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து தண்ணீர் பிடிக்க வரும்போது பச்சையம்மாவைப் பார்க்காதது போலப் போனாள்.

இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. மூட்டை சுமக்கும்போதும் அதே யோசனை. ஒருநாள் கால் தவறிக் கலவைச் சட்டியோடு விழுந்தேன். “பெரியவரே, தூக்கம் வந்தா வூட்டுக்குப் போ” என்றார் மேஸ்திரி.

இருபத்து நாலாம் தேதி மேடமே குப்பத்துக்கு வந்தார். குப்பன் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டெல்லியிலிருந்து வந்த கடிதத்தைத் தமிழில் சொன்னார். ஒருவருடைய பதிவில் ஒரு மாதம் சந்தேகமாக இருந்தாலும் அவருடைய பதிவு எதையும் ஏற்க முடியாது. ஒன்பது மாதம், நாலு மாதம் என்று பிரிக்க முடியாது. அந்த ஒரு பெயரை நீக்கிவிட்டால் மற்ற பத்துப் பேருக்கும் உடனே கொடுக்கலாம். அதற்கு அவருடைய குடும்பம், எங்களுக்குப் பாக்கி எதுவும் வேண்டாம், பிறகு வழக்கும் போட மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும்.

“நான் மறுபடியும் எழுதறேன்க்கா” என்றார் மேடம். “மேல இருக்கறவங்களை நேர்ல போய்ப் பார்க்கறேன். ஆனா இருபத்தெட்டுக்குள்ள பதில் வராது. நீங்க எழுதித் தரணும்னு நான் சொல்ல வரல. தராதீங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல.”

பச்சையம்மா பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “அப்ப அவரு எடுத்த அளவு?” என்றாள்.

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். “அதையும் எடுத்துடுவாங்கக்கா. மூணாம் நம்பர் கல்லுன்னு ஒண்ணு கணக்குல இருக்காது. ரெண்டுக்கு அப்புறம் நாலு.”

“மொத வருசம் அளந்தது? அதுக்குத் துட்டு குட்த்தீங்களே?”

“அதுவும்தான்.”

வெளியே யாரோ கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மா எழுந்து போய் மேடத்துக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

மேடம் போன பிறகு நான் சொன்னேன்: “நீ எய்திக் குடுக்காத. அவங்க துட்டு போனா போவட்டும். இல்லாங்காட்டி எய்திக் குடு, இருபத்தி மூவாயிரத்தி நானூறையும் நான் தர்றேன். மாசம் ரெண்டாயிரமா.”

“நீ குடுத்தா அது ஒன் காசுண்ணா. அவரு காசு ஆவுமா?”

“என்னாலதானே போச்சு.”

“ஒன்னால இன்னா போச்சு? மூணாம் நாளு, பந்தல்கூடப் பிரிக்கல, நாடாவ எடுத்துக்கினு போன. உள்ளேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். அவரு பேர எய்துவன்னு எனக்குத் தெரியும். ஒம் பேர எய்தியிருந்தா நான் ஒங்கிட்ட பேசியே இருக்க மாட்டேன்.”

அவள் டம்ளரைக் கழுவப் போனாள். அங்கிருந்தே, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள்.

“பத்து வூடு அவரு பேரச் சொல்லி வையுது. கிருபா என் மூஞ்சியப் பாக்காம போறா. அவரு உசுரோட இருந்தப்ப ஒருத்தன்கூட அவர ஒரு வார்த்த சொன்னதில்ல. செத்து அஞ்சு மாசத்துல வாங்கிக் கட்டிக்கணுமா? வாணாம்ணா. எய்து. நாளைக்கே போவலாம்.”

“தரை?”

“தண்ணி வந்தா கட்டில் மேல ஏறி ஒக்காந்துக்குறோம்.”

நாளைக்கே போக முடியவில்லை. அவள் மகள் வினிதாவுக்குப் பத்தாவது பரீட்சை நெருங்கியிருந்தது, ஹால் டிக்கெட் விஷயமாகப் பள்ளிக்கூடம் போகவேண்டியிருந்தது. வியாழக்கிழமை போனோம்.

லக்ஷ்மிநாராயணன் சார் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்தார். டைப் அடித்துக் கொடுத்தால் கட்டாயப்படுத்தி வாங்கினதாக நாளைக்கு யாராவது கேட்பார்கள், குடும்பத்திலிருந்து ஒருவர் கையாலேயே எழுதினால் நல்லது என்றார். பச்சையம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். நான் பேனாவை எடுத்தேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காலஞ்சென்ற குப்பன் என்பவருக்கு மேற்படி திட்டத்திலிருந்து வரவேண்டியதாகச் சொல்லப்படும் ரூபாய் இருபத்து மூவாயிரத்து நானூறை. அங்கே நிறுத்தினேன்.

“சொல்லப்படும்னு எதுக்கு சார்? வரவேண்டியதுதானே?”

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

“சரி. ‘வரவேண்டிய’ன்னே எழுதுங்க” என்றார் சார். “கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

அடித்துவிட்டு மேலே எழுதினேன். மேற்படி தொகையை நாங்கள் கோரவில்லை. இதற்காகப் பின்னால் எந்த வழக்கும் செய்ய மாட்டோம். என் எழுத்து வழக்கம்போலக் கோணலாக இருந்தது. முக்கால் பக்கம் எழுத அரை மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பச்சையம்மா தாளை வாங்கி, எழுத்தின் மேல் விரல் படாமல் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல அவரு பேரு எங்க கீது?”

காட்டினேன். ஒரு இடத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் குப்புராஜ் என்று நான் போட்டேன்.

லக்ஷ்மிநாராயணன் சார் பெரிய பேரேட்டைத் திறந்தார். பதினோரு பெயர் வரிசையாக இருந்தது. ஸ்கேலை வைத்து மூன்றாவது வரியில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் ‘தள்ளுபடி’ என்று எழுதித் தேதி போட்டார். மை காய்வதற்காகக் கொஞ்ச நேரம் பேரேட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

“நாளைக்குக் காலையில பில் போயிடும்” என்றார். “லீவு முடிஞ்சு அடுத்த வாரம் பத்துப் பேருக்கும் கணக்குல ஏறிடும். நீங்க போய்ச் சொல்லலாம்.”

“நீங்களே ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க சார்” என்றாள் பச்சையம்மா. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

சார் பேரேட்டை மூடினார்.